குளிருக்காக என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தெரிந்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதுகிறவர்கள், ஒருநாள் விடிகாலையில் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நின்று பார்க்கட்டும். சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படம்தான், அதைப் பார்த்துக்கொண்டேதான் பற்றவைக்கிறார்கள். நிகோடின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது, நோய் வருவதற்கோ வருஷக்கணக்காகும், அப்புறம் எது ஜெயிக்கும்?

எங்கள் மலையில் கூடுதலாக ஒரு சாக்கு உண்டு: குளிர். ஜனவரி உறைபனியில் காலையில் ஒரு தம், ராத்திரி ஒரு குவார்ட்டர், கேட்டால் "சூட்டுக்குங்க" என்பார்கள். நடப்பது நேர்மாறு. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் விரல்கள் இன்னும் சில்லிட்டுப் போகும். மது, தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து கதகதப்பாகக் காட்டும், ஆனால் உடம்பின் உள்சூடு அந்த வழியாகவே வெளியேறிவிடும், போதையில் வெட்டவெளியில் படுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"எனக்குப் பிடிச்சிருக்கு, குடிக்கிறேன்" என்கிறவரோடு பேசவாவது முடியும் (அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டு). சுகாதாரத் துறை இங்கே ஒட்டும் நோட்டீஸில் புற்றுநோயோடு இந்தச் சூட்டுக் கதையையும் சேர்த்துப் போட்டால் என்ன?

ஒரு வாசகர், கோத்தகிரி