வீட்டுக்குப் போலீஸ் வந்தால் பயப்படாதே, அக்கா

வின்னிபெக்,
பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலமா? நீ கூரியரில் அனுப்பிய பிறப்புச் சான்றிதழும் சிங்கப்பூர் வேலை அட்டையின் நகலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நடுவில் மடித்து வைத்திருந்த உன் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், சிலதைச் சொல்ல முடிவதில்லை. அதனால் நானும் எழுதுகிறேன். அம்மாவுக்கு எதைப் படித்துக் காட்டலாம் என்று உனக்கே தெரியும்.

முக்கியமான சேதி இதுதான். கொஞ்ச நாளில் நம் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வரக்கூடும். பதறாதே. இங்கே பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பிக்கிறவர்கள், கடந்த 10 வருஷத்தில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். கனடாவுக்கு மட்டும் வேண்டாம். எனக்கு இந்தியா, சிங்கப்பூர் இரண்டும் வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் எல்லாக் காகிதமும் உள்ளே போய்விட வேண்டும். நான் இருக்கிற மனிடோபா மாகாணம் டொராண்டோவிலுள்ள நம் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. இந்தியச் சான்றிதழுக்கு அங்கே மனு போட்டாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் நம் மன்னார்குடி முகவரிதான் இருக்கிறது, அதனால் விசாரணை என்று வந்தால் அங்கேதான் வரும்.

என்னுடைய ஆதார் நகலையும் ரேஷன் கார்டையும் எடுத்து வை. என்னைத் தெரியும் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டாலும் கேட்பார்கள். எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லி வை, அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். கட்டணம் இங்கேயே கட்டியாகிவிட்டது, வருகிறவருக்குக் காசு எதுவும் கொடுக்க வேண்டாம், காபி போட்டுக் கொடு. தெருவில் யாராவது என்ன ஏது என்று கேட்டால், என் மகள் மேல் ஒரு கேஸும் இல்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் வந்தார்கள் என்று அம்மா தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

சிங்கப்பூருக்குப் பத்து விரல் ரேகையும் வேண்டும். இங்கே கைரேகை எடுக்கும் இடத்தில் ஒரு அம்மா ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மை தடவி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அட்டையில் உருட்டினார். ரேகை சரியாக விழவில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கை கழுவி, மருந்து தடவித் தடவித் தேய்ந்துவிட்டது. நர்சுகளுக்கு இது சகஜம் என்றார். வெந்நீரில் நனைத்த துணியில் என் கையைப் பொத்தி வைத்து, துடைத்து, மறுபடி பொறுமையாக எடுத்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பாக, நீ மருதாணி வைத்துவிட்ட ராத்திரி மாதிரி கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் மைனஸ் 30. இமை முடியில் பனி பிடிக்கும். இட்லி மாவை அடுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு வைத்தால்தான் பொங்குகிறது. பொங்கிவிட்டால் வாரம் முழுக்க அதுதான், ஒருத்திக்கு அது போதும். பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும். அவருடைய முன்னோர் உக்ரைனிலிருந்து வந்தவர்கள். இந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டித்துப் போகும் என்று ராத்திரியில் காருக்குக் கரண்ட் ஒயர் மாட்டி வைப்பது இங்கே வழக்கம். அவருக்குப் பார்வை குறைந்து, கார் ஓட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஆனாலும் தினமும் வந்து ஒயரை மாட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார். நான் நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது, “போலீஸ் பேப்பர் வந்ததா?” என்று கேட்பார். அவர் வெளியே நிற்கிற நேரமாகப் பார்த்து நானும் கிளம்புகிறேன்.

இந்த மாதம் பணம் குறைவாக வந்திருக்கும். விண்ணப்பக் கட்டணமே 1,525 டாலர், மருத்துவப் பரிசோதனை தனி. எல்லாம் சேர்ந்தாற்போல் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. நைட் டூட்டி கூடுதலாக எடுத்திருக்கிறேன், எனக்கு அது பழகிவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷனை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடாதே.

பங்குனி வருகிறது. இந்த வருஷமும் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு நான் இல்லை. கோபாலன் தவழ்ந்த கோலத்தில் வரும்போது எல்லாரும் வீசுகிற வெண்ணெய், வெயிலில் உருகித் தெருவெல்லாம் வாசம் அடிக்குமே, அதை நினைத்தால் இங்கே எதைச் சாப்பிட்டாலும் இறங்கவில்லை அக்கா. ஹரித்ராநதிக் குளக்கரையில் ஒரு சாயங்காலம் உன்னோடு உட்கார்ந்தால் போதும். பி.ஆர் கைக்கு வந்துவிட்டால் 5 வருஷத்தில் 2 வருஷம் இங்கே இருந்தால் போதும்; நினைத்தபோது வந்து போகலாம். அம்மாவிடம் இதை மட்டும் கட்டாயம் படித்துக் காட்டு.

அப்புறம், சித்தப்பா பாகப்பிரிவினையைச் சித்திரைக்குள் முடிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அத்தான் பெயருக்குப் பவர் எழுதித் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது அங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அத்தானிடம் சொல். வக்கீலிடம் வாசகத்தை எழுதி வாங்கிப் படம் பிடித்து அனுப்பச் சொல். கிணற்றடிப் பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதே. அது உனக்கு என்று அப்பா சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். சித்தப்பா கேட்டால் என்னிடமே பேசச் சொல்.

அன்புடன்,
உன் பாப்பா