பழைய மோட்டார் போட் வாங்குறவங்க கவனத்துக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஊட்டி பக்கத்துல இருக்குற பைக்காரா ஏரியில ஸ்பீட் போட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்ததுலேருந்து எங்க அண்ணன் ஆலப்புழா காயல்ல குடும்பத்தோட போக செகண்ட் ஹேண்ட் போட் தேடுறார், ரெண்டு பாத்து வெச்சிருக்கார், ஒண்ணு விலை கம்மியான பழைய டூ ஸ்ட்ரோக் இஞ்சின் போட், இன்னொண்ணு ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் போட். நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், புகையும் சத்தமும் கம்மி, பெட்ரோல்ல ஆயில் கலக்குற வேலையும் இல்ல. ஆனா இஞ்சினை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, இஞ்சின் மாட்டியிருக்குற பின்பக்கப் பலகையைத் தட்டிப் பாருங்க, ஃபைபருக்குள்ள பிளைவுட் ஊறிப்போயிருந்தா சத்தம் மந்தமா வரும், அப்படி இருந்தா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வேண்டவே வேண்டாம். 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு பேப்பர் இருக்கானும் கேளுங்க. குழந்தைங்க சைஸுக்கு லைஃப் ஜாக்கெட் தனியா வாங்கணும், இதை உங்க பேப்பர்ல கொஞ்சம் பெருசா போடுங்க ஐயா.

– ஒரு வாசகர், குன்னூர்