புது டிவியும் சிவந்த முகங்களும்

அன்பு மகள் செல்விக்கு,

அம்மாவும் நானும் நலம். புது டிவியில் எல்லார் முகமும் செக்கச்செவேலென்று இருக்கிறது, சினிமா போட்டாலும் சீரியல் மாதிரி தெரிகிறது என்று போனில் சொன்னாய். டிவியில் பழுது எதுவும் இல்லை. மாப்பிள்ளையைக் கடைக்கு அலைய விடாதே. கடையில் பத்து டிவிக்கு நடுவே கண்ணை இழுக்கிற மாதிரி கலரை அளவுக்கு மீறி ஏற்றி வைத்த ஒரு செட்டிங் இருக்கும், அதே செட்டிங்கோடு உன் வீட்டிலும் ஓடுகிறது, அவ்வளவுதான். போனில் சொன்னால் பேரன் போடும் சத்தத்தில் பாதி காதில் விழாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பிக்சர் மோடை மாற்று. 'விவிட்', 'டைனமிக்' வேண்டாம். 'ஃபிலிம்மேக்கர்', 'சினிமா', 'மூவி' இதில் எது இருக்கிறதோ அதை வை. கலர் டெம்பரேச்சர் 'வார்ம்' அல்லது 'வார்ம் 2'. மாற்றிய உடனே படம் மங்கி மஞ்சளடித்துப் போனதாகத் தோன்றும். மாப்பிள்ளை "முன்னாடியே நல்லாத்தானே இருந்துச்சு" என்பார். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல். அப்புறம் பழைய மோடுக்குப் போய்ப் பார்த்தால், வெள்ளை எல்லாம் அளவு தெரியாமல் நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கும்.

படத்தின் கலரைச் சரிபார்க்கும் ஸ்டூடியோவில் வெள்ளை என்பது 6500 கெல்வின் (வெள்ளையின் நிறத்தை அளக்கும் கணக்கு; எண் ஏறினால் நீலம் கூடும்). கடை மோடு அதைத் தாண்டி நீலத்துக்குப் போய்விடும், நீலம் கலந்த வெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்பதால். என் டிவி ரிப்பேர் கடைக்கு வந்தவர்களும் அந்தப் பளிச்சைத்தான் கேட்டார்கள். பிக்சர் டியூப் காலத்தில் சர்வீஸ் ஸ்விட்சைத் தட்டினால் படம் முழுக்க ஒரே படுக்கைக் கோடாகச் சுருங்கிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனித் திருகு. பிளாஸ்டிக் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திருகி, கோடு மங்கலாகத் தலைகாட்டும் இடத்தில் நிறுத்துவோம். மூன்றும் சேர்ந்து கோடு வெள்ளையாக வந்தால் முகம் முகமாகத் தெரியும். அந்தத் திருகெல்லாம் இப்போது மெனுவுக்குள் இருக்கிறது. நீ அவ்வளவு ஆழம் போக வேண்டாம். வேறொருவர் டிவிக்கு அளந்து போட்ட நம்பர்களைப் பார்த்து அப்படியே போடவும் வேண்டாம்; ஒரே மாடலில்கூட பேனலுக்குப் பேனல் மாறும்.

உன் கண்ணாலேயே செய்யக்கூடியது இருட்டும் வெளிச்சமும். ராத்திரி பேரன் தூங்கின பிறகு, இருட்டான காட்சி ஒன்றை நிறுத்தி வை. கருங்கூந்தலோ கறுப்புக் கோட்டோ இருந்தால் நல்லது. 'பிரைட்னஸ்' (சோனியில் 'பிளாக் லெவல்') படத்தின் இருட்டுப் பக்கத்தைத்தான் நகர்த்தும். ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும், இறக்கினால் கூந்தலில் இழை தெரியாமல் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். இழை மறையப்போகிற இடத்துக்குச் சற்று மேலே நிறுத்து. 'கான்ட்ராஸ்ட்' வெள்ளைப் பக்கத்துக்கு. அதற்கு நியூஸ் சேனலே போதும். நம் அரசியல்வாதிகளின் வெள்ளைச் சட்டையில் மடிப்பும் பொத்தானும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குறை.

பகலில் ஹாலில் வெளிச்சம் அதிகமாக இருந்தால் இந்த இரண்டையும் தொடாதே. 'பேக்லைட்' (ஓஎல்இடி டிவி என்றால் 'ஓஎல்இடி லைட்', சோனியில் இதற்குத்தான் 'பிரைட்னஸ்' என்று போட்டிருப்பார்கள்) மட்டும் ஏற்று. ராத்திரி இறக்கிக்கொள்.

ஷார்ப்னஸ் கூடினால் சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம் வரும். அது மறையும்வரை குறை. சோனியில் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போகாதே.

சீரியல் மாதிரி தெரிவதற்குக் காரணம் வேறு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். இடையில் இல்லாத ஃபிரேம்களை டிவி தானே தயாரித்துச் செருகி வழவழப்பாக்கி விடுகிறது. எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும். சினிமாவுக்கு அதை அணைத்துவிடு. மாப்பிள்ளை கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஸ்கோர் ஓரத்தில் வெட்டுப்பட்டால் எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்று தேடிப் பார்.

இதெல்லாம் செட்டாப் பாக்ஸுக்குத் தனியாகவும் டிவிக்குள் இருக்கும் ஆப்களுக்குத் தனியாகவும் இருக்கலாம். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறியிருக்கிறதா என்று பார். எச்டிஆர் (வெளிச்சமும் கலரும் கூடுதல் வீச்சில் வரும்) படம் ஓடும்போது வேறு செட்டிங் வரும், அதிலும் மூவி மோடும் வார்மும் வைத்தால் போதும். பவர் சேவிங் ஆனில் இருந்தால் டிவி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நீ செய்த வேலையைக் கெடுக்கும், ஆஃப் செய்.

கும்மிருட்டில் பார்க்காதே, கண் வலிக்கும். டிவிக்குப் பின்னால் சுவரில் வெளிச்சம் விழும்படி ஒரு சின்ன எல்இடி போடு. 'கூல் டேலைட்' என்று கேட்டு வாங்கு, அதுவும் 6500தான்.

சரி, மாற்றிய பிறகு போனில் படம் எடுத்து "இப்ப எப்படிப்பா?" என்று அனுப்பாதே. போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்திவிடும், எனக்கு ஒன்றும் விளங்காது. இப்போது இருக்கிற நம்பர்களை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ரிமோட் மாப்பிள்ளை கையில் இருக்கட்டும், பேரனிடம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா