எங்கள் தெருவுக்கும் முட்டைக்கடை அண்ணாச்சிக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்க வீட்டுக்காரரின் காசநோய்க்குக் கடைசி சளி டெஸ்ட் ரிசல்ட் நேற்றுச் சாயங்காலம் வந்தது. கிருமி இல்லை. சிகிச்சை முடிந்தது என்று அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நன்றி சொல்லி எழுதும் வேலையை எங்க வீட்டுக்காரர் என் தலையில் கட்டிவிட்டார். அதுவும் நல்லதுதான். அவர் எழுதினால் "அனைவருக்கும் நன்றி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்.

நடந்த கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. ஃபைனான்ஸ்காரர்கள் லோடு ஆட்டோவை எடுத்துப்போன அன்று தெருவில் பாதிப்பேர் எங்கள் வாசலில்தான் நின்றீர்கள். மாதக்கணக்கில் வெறும் இருமல் மருந்தும் ஸ்கேனுமாகக் காசைக் கரைத்த இடத்தைப் பற்றியும் பேச வேண்டாம். பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். இப்போதுதான் வீட்டில் ஒரு வியாதி போயிருக்கிறது.

சிலரை முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கூலியைப் பேசாமலே அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை மட்டும் வழக்கம்போலக் கத்திச் சொன்ன வீட்டுக்காரம்மா. தன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துவிட்டு, "கழுத்துல வேர்க்குருவா இருந்துச்சு, அதான் கழட்டிட்டேன்" என்ற என் நாத்தனார். என் வாரத் தவணையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கட்டிய குழுப் பெண்கள். இன்னொருத்தி தவணைக்கு நாம் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுவது சுலபம். கட்டும்போதுதான் அதன் கனம் தெரியும். நீங்கள் முகம் சுளிக்காமல் கட்டினீர்கள்.

குழுத் தலைவி அக்காவின் மகளுக்குத் தனியாக ஒரு நன்றி. வசூலுக்கு வருகிறவர் காலை ஏழு மணிக்கே வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிற அவசரத்திலும் நின்று, செல்போனைத் திறந்து, ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட விதியை அவருக்கே படித்துக் காட்டியது. இந்த மாதிரிக் குழுக் கடனுக்கு ஒன்பது மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்னாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாதாம். அதற்கப்புறம் அவர் ஒன்பதேகாலுக்கு வந்தார். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் ஏழு மணிக்கு வயிற்றைப் பிசைவது நின்றது. எங்க வீட்டுக்காரர் மாத்திரை போடும் நேரம் அது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, நர்ஸ் அக்கா, ஹெல்த் விசிட்டர் சார், உங்கள் மூன்று பேரையும் எங்கள் வீட்டில் தினமும் பேசுகிறோம். முதல் நாளே அவரை எடை போட்டு, உயரம் பார்த்து, காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்து நின்றார். 44 கிலோ. காசநோயில் யாரும் இறக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2022ல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்களாம். முதல் நாளிலேயே இப்படிப் பார்த்து, ரொம்ப முடியாதவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். அவர் நூலிழையில் வீட்டிலேயே இருக்கலாம் என்ற பக்கம் வந்தார்.

அப்போது தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொந்தத்தில் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1956ல் சென்னையில், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தும், இன்னொரு பகுதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் கம்மி, இடமும் நெருக்கடி. இருந்தும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்களாம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லையாம். உலகம் முழுக்க வீட்டிலிருந்தே வைத்தியம் பார்க்கும் வழக்கம் பரவியதற்கு அந்தச் சென்னை ஆராய்ச்சி பெரிய காரணம் என்றார். "மாத்திரையை விடாம குடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, சேர்ந்தே இருங்க" என்றார். எனக்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நோய் வராமல் இருக்க வாரம் ஒருமுறை போடும் மாத்திரை கொடுத்தார்.

ஹெல்த் விசிட்டர் சார் செய்தது வேறு. சத்துணவுக்கு அரசு வங்கியில் போடும் பணம், முன்பு மாதத்துக்கு 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து மாதத்துக்கு 1000 ரூபாய் கணக்கு. அது எங்க வீட்டுக்காரர் கணக்குக்கு வந்தது. வந்த வேகத்திலேயே ஆட்டோ தவணைக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். முட்டைக்கு வந்த காசை டயருக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று நான் அழுதேன். சார் அழவிடவில்லை. என் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய், அடுத்த தடவையிலிருந்து என் கணக்குக்கு வரும்படி மாற்றிக் கொடுத்தார்.

சரி, முட்டைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

"சத்தா சாப்பிடச் சொல்லுங்க." இந்த வார்த்தையைச் சொல்லாதவர்கள் ஊரில் இல்லை. சத்து எந்தக் கடையில் கடனுக்குக் கிடைக்கும் என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏற வேண்டும், ஏறினால் பயம் குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பருப்பு, நிலக்கடலை, முட்டை என்று எழுதியும் கொடுத்தார். பருப்பு ரேஷனில் வந்தது. முட்டைதான் உதைத்தது.

மார்க்கெட் ரோட்டு முட்டைக்கடையை எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் நாமக்கல் லோடு இறங்கும். முப்பது முட்டை அட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பேசனில் உடைசல் முட்டை கிடக்கும், பரோட்டாக் கடைக்காரர்கள் வந்து அள்ளிப்போவார்கள். நல்ல முட்டை ஆறரை ரூபாய் என்றால் உடைசல் மூன்று ரூபாய். நான் போய் அந்தப் பேசனைக் காட்டி நாலு கேட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பேசனைப் பார்த்தார். "இதெல்லாம் கடைக்காரனுக்கு எடுத்து வச்சது தாயி. நாளைக்கு வா, உனக்குத் தனியா எடுத்து வைக்கேன்" என்றார்.

மறுநாள் கவரில் நாலு முட்டை தயாராக இருந்தது. அதற்கு மறுநாளும். பன்னிரண்டு ரூபாயை எண்ணி வாங்கிக் கல்லாவில் போடுவார். ஒருநாள் பத்து ரூபாய்தான் இருந்தது. "ரெண்டு ரூவா நாளைக்கு" என்று அட்டைக் கிழிசலில் எழுதி வைத்து, மறுநாள் மறக்காமல் கேட்டும் வாங்கினார். கறாரான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

சமைக்கிறவளுக்குத் தெரியும். லாரியில் அடிபட்ட முட்டை எப்படி இருக்கும்? பக்கவாட்டில் மயிர் மாதிரிக் கோடு ஓடும், வெள்ளை கசிந்து காய்ந்திருக்கும், அதில் தூசி ஒட்டியிருக்கும். எனக்கு வந்த முட்டைகள் அப்படி இல்லை. எல்லாவற்றிலும் அகலமான பக்கத்து உச்சியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரே மாதிரி நசுங்கல். உள்ளே தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. உப்புப் போடாமல் வேகவைத்தால்கூட வெள்ளை வெளியே வராது. நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். விரிசல் விட்ட முட்டையை அன்றைக்கே, நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருந்ததால், எங்க வீட்டுக்காரருக்குப் பிடித்த அரைவேக்காட்டுக் கலக்கி மட்டும் கிடையாது. மதுரைக்காரருக்குக் கலக்கி இல்லாத முட்டை தண்டனைதான். முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஒருநாள் மாத்திரை வாங்கப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரமே கடைக்குப் போய்விட்டேன். அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். முழு அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டீ ஸ்பூனின் பின்பக்கத்தால் உச்சியில் ஒரு தட்டு. டொக். கவரில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். முட்டையின் அகலப் பக்கத்தில் ஓட்டுக்குக் கீழே கொஞ்சம் காற்று இருக்கும், அங்கே தட்டினால் ஓடு மட்டும் நசுங்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் முட்டையைத் தொட்ட கைக்கு அது தெரியும்.

நான் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து, எதிர் டீக்கடை ஓரத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அப்போதுதான் வருவதுபோல் போய் நாலு உடைசல் என்று கேட்டேன். கவரைக் கொடுத்தார். பன்னிரண்டு ரூபாயை எண்ணி வாங்கினார்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் "வேண்டாம், நிப்பாட்டு" என்பார், எனக்குத் தெரியும். கடன்பட்டவர்களுக்கு ஒருவர் இனாமாகக் கொடுப்பதும் இன்னொரு கடன்தான். அதற்கு வட்டி தலைகுனிவு. அந்த மாதங்களில் நான் மளிகைக் கடை, பால் பூத், மருந்துக்கடை மூன்றையும் தவிர்க்கப் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் நடந்தேன். நிமிர்ந்து உள்ளே போன ஒரே கடை முட்டைக்கடை. ஏனென்றால் அங்கே நான் காசு கொடுத்து வாங்குகிறவள். அண்ணாச்சி சும்மா கொடுத்திருந்தால் மூன்றாம் நாள் போயிருக்க மாட்டேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அந்த இரண்டு ரூபாயைக் கேட்டு வாங்கினாரே, அதற்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாலு முட்டையும் எங்க வீட்டுக்காரருக்கே என்றுதான் முதலில் வைத்தேன். அவர் எடை நோயில் குறைந்தது, என் எடை கணக்குப் பார்த்ததில் குறைந்தது. கூட வந்த என்னையும் எடை மெஷினில் ஏறச் சொன்ன நர்ஸ் அக்கா, முள்ளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க நோயாளி யாரு?" என்று கேட்டார். 56ல் இருந்தவள் 49ல் நின்றேன். அன்று இரவு அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "நீ சாப்பிடாட்டி எனக்கு மாத்திரை இறங்காது" என்று ஒரே பிடிவாதம். அதிலிருந்து ஆளுக்கு இரண்டு. 50 கிலோவைத் தாண்டினால் தினசரி மூன்று மாத்திரை நாலாகும் என்று சொல்லியிருந்தார்கள். 51 வந்தது, நாலாகவும் ஆனது. மாத்திரை கூடியதற்காகக் கேசரி கிண்டிய வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரியே இருங்கள். மிச்ச மூன்றரை ரூபாயைக் கணக்குப் போட்டு உங்களிடம் கொண்டுவந்து தரப்போவதில்லை. தந்தால் நீங்கள் செய்ததைக் கடனாக்கிவிடுவேன். இனிமேல் முழு முட்டை, முழு விலை. அவருக்குக் கலக்கியும் உண்டு.

மற்ற கடன்கள் அப்படியேதான் இருக்கின்றன. நாத்தனார் சங்கிலி இன்னும் வங்கியில். ஆட்டோ திரும்ப வராது, அவர் அடுத்தவர் வண்டியைத் தினக்கூலிக்கு ஓட்டுகிறார். குழுப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு வருகிறேன்.

போன வருஷம் அவர் சட்டைகளை எல்லாம் மெஷினில் வைத்து உள்ளே பிடித்துத் தைத்தேன். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறேன். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராக இருந்தாலும், சட்டை, பேண்ட், ஜாக்கெட், சுடிதார் எதுவானாலும் என்னிடம் கொண்டுவாருங்கள். மெலியும்போது பிடித்துத் தருகிறேன், தேறும்போது பிரித்துத் தருகிறேன். உருப்படிக்கு ஐந்து ரூபாய். சில்லறையாகக் கொண்டுவாருங்கள்.