மலைக்கு வரும் கைக்குழந்தைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களின் நெரிசல், ஏறிப்போன அறை வாடகை, மலர்க் கண்காட்சிக்கான ஏற்பாடுகள் ஆகியவற்றைத் தங்கள் நாளிதழ் நாள்தோறும் வெளியிட்டு வருகிறது. அந்த வாகனங்களுக்குள் தாயின் மடியில் வரும், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளைப் பற்றி யாரும் எழுதக் காணோம். கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் மகள், மருமகன், எட்டு மாதப் பேத்தி ஆகியோருடன் உதகைக்குச் சென்று வந்தேன். அந்த இரண்டு அனுபவங்களையும் கொண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் குழந்தையின் முதல் பயணம் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலுக்குத்தான் அமையும். மொட்டையடித்துக் காது குத்தப் போகும்போது அத்தை, சித்தி, பெரியம்மா என்று ஒரு கூட்டமே உடன் வரும். தூளி கட்ட ஒரு மரக்கிளை கிடைத்துவிடும். வெந்நீர் வைக்க ஒருவர், குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் என்று கைகளுக்குக் குறைவிருக்காது. இன்று கணவனும் மனைவியும் மட்டும் நகரத்தில் தனியே வாழும் குடும்பங்களில், பிள்ளை பிறந்த பின் முதன்முதலாகக் கிடைக்கும் நான்கு நாள் விடுப்பில் மலைக்குப் போய் வரலாம் என்று நினைக்கிறார்கள். “ஒரு வயது ஆகட்டும், அதற்குள் என்ன ஊர் சுற்றல்” என்று பெரியவர்கள் தடுப்பதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாதக்கணக்கில் நான்கு சுவர்களுக்குள் இருந்து, இரவுத் தூக்கம் இழந்து, உடல் தேறிக்கொண்டிருக்கும் ஒரு தாய் வெளிக்காற்றைத் தேடுவது நியாயமானது என்பதே என் கருத்து. குழந்தை நலமாக இருந்து, ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகள் முடிந்து, மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால், உதகை போன்ற உயரத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதில் பெரிய தடையில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ குறையுள்ள குழந்தை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

மலைப் பயணம் சமவெளிப் பயணத்தைப் போன்றதன்று. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 46 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உதகை நிலையமோ ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே காலைப்பொழுதில் இவ்வளவு உயரம் ஏறும்போது பெரியவர்களுக்கே காது அடைக்கிறது. நாம் எச்சில் விழுங்கிச் சமாளித்துவிடுகிறோம். குழந்தைக்கு அது தெரியாது, வீறிட்டு அழும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வப்போது பால் கொடுத்தால், சப்பி விழுங்குவதிலேயே காதின் அழுத்தம் சரியாகிவிடும். அப்படியானால் மலைப்பாதையின் நடுவே, கொண்டையூசி வளைவுகளுக்கு இடையே, தாய் அமர்ந்து பால் கொடுக்க ஓர் இடம் வேண்டும். ஓடும் காரில் குழந்தையை இருக்கைப் பட்டையிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துப் பால் கொடுப்பது ஆபத்து என்பதால், வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

நாங்கள் அவ்வாறு நிறுத்தியது மலையடிவாரத்துக்குச் சற்று மேலே உள்ள ஓர் உணவகத்தில். நூறு பேருக்கு மேல் அமர்ந்து உண்ணக்கூடிய அந்த இடத்தில், பால் கொடுக்க ஒதுக்குப்புறமாக ஒரு நாற்காலி கேட்டபோது கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் கை காட்டினார்கள். குழந்தையின் துணியை மாற்றவும் அங்கே ஒரு பலகை கிடையாது. என் மகள் காருக்கே திரும்பி வந்து, கண்ணாடிகளில் துப்பட்டாவையும் துண்டையும் தொங்கவிட்டு, வெயிலில் நின்ற வண்டிக்குள் வியர்த்துக்கொண்டே பால் கொடுத்தாள். அவளைப் போலவே இன்னும் இரண்டு தாய்மார்கள் பக்கத்து வண்டிகளில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். பிறந்த முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள், தண்ணீர்கூட வேண்டாம் என்று வீடு வீடாகச் சென்று சொன்னவள் நான். அந்த அறிவுரையைக் கேட்டு நடக்கும் ஒரு பெண்ணுக்கு வெளியே வந்தால் உட்கார இடமில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை அளித்தது.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழகப் பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். நாட்டுக்கே வழிகாட்டிய திட்டம் அது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் இடங்களில் அந்த அறைகளைத் தாய்மார்கள் எவ்வளவு நன்றியோடு பயன்படுத்துகிறார்கள் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். பூட்டிய கதவையும், சாவி யாரிடம் என்று தெரியாத நிலையையும், மூலையில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் குவிந்திருப்பதையும் சில ஊர்களில் கண்டிருக்கிறேன். ஆனால் மலைக்குச் செல்லும் குடும்பங்களில் பெரும்பகுதி சொந்தக் காரிலோ வாடகை வேனிலோதான் வருகிறது. அவர்கள் பேருந்து நிலையத்துக்குள் கால் வைப்பதே இல்லை. ஆகவே அந்தத் திட்டத்தின் கை சோதனைச் சாவடிக்கும், பூங்காவுக்கும், படகு இல்லத்துக்கும், தொட்டபெட்டா போன்ற காட்சிமுனைகளுக்கும் நீள வேண்டும்.

அடுத்தது வெந்நீர். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் கஞ்சியோ ராகிக் கூழோ கரைக்கவும், மருத்துவர் பரிந்துரையால் பால்மாவு கொடுக்க நேர்ந்தால் அதைக் கலக்கவும், கிண்ணத்தையும் கரண்டியையும் பாலாடையையும் கழுவவும் கொதிக்க வைத்த நீர் தேவை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையை நான் முழு மனதுடன் ஆதரிக்கிறேன். யானைகளும் காட்டெருமைகளும் நடமாடும் காட்டில் நாம் குப்பையைக் கொட்டக் கூடாது. மாற்றாகக் குடிநீர் இயந்திரங்கள் வைத்திருப்பதும் பாராட்டத்தக்கது. ஆனால் குழந்தைக்கு உரியது கொதித்து ஆறிய நீர். இதில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். உதகையில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும் என்றால், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். விடுதி அறையில் இருக்கும் மின்கெட்டில் கொதி வந்தவுடனேயே தானாக அணைந்துவிடும். எனவே விடுதிச் சமையலறையில் சொல்லி, பாத்திரத்தில் கொதிக்க வைத்து, ஃபிளாஸ்க்கில் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பானது. இதை எரிச்சல் இல்லாமல் செய்து கொடுக்கும்படி விடுதி உரிமையாளர்கள் தம் பணியாளர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

குளிரைப் பற்றியும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. குழந்தையின் உடல் நம்மைவிட விரைவாக வெப்பத்தை இழக்கும். நாம் அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்கு ஆடை கூடுதலாகவும், தலைக்குக் குல்லாயும், காலுக்கு உறையும் போட்டால் போதும். குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரியடுப்பை மூட்டி வைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவால் மலை விடுதிகளில் உறக்கத்திலேயே உயிரிழந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறோம். இந்த எச்சரிக்கையை ஒவ்வொரு விடுதி அறையிலும் தமிழில் எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

காரில் வரும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். முன்னிருக்கையில் தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளில் ஏறி வருவதைத் திரும்பிய பக்கமெல்லாம் பார்த்தேன். திடீரெனப் பிரேக் போட்டால் எவ்வளவு வலிமையான கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வாகனம் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சட்டம் இருந்தும் வாடகைக் கார்களில் அத்தகைய இருக்கை கேட்டால் ஓட்டுநர்கள் வியப்போடு பார்க்கிறார்கள். சுற்றுலா வாகன உரிமையாளர் சங்கங்கள் சில இருக்கைகளையாவது வாங்கி வைத்து, கேட்பவர்களுக்கு வாடகைக்குத் தரலாம்.

இவற்றையெல்லாம் நிறைவேற்ற அரசிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டான இ-பாஸ் முறை நடைமுறையில் உள்ளது. வாகன எண், வருவோர் எண்ணிக்கை என்று பல விவரங்களைப் பதிவு செய்கிறோம். அதில் “இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை உடன் வருகிறதா?” என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால், எந்த வாரத்தில் எத்தனை கைக்குழந்தைகள் மலைக்கு வருகின்றன என்ற கணக்கு நிர்வாகத்துக்குக் கிடைத்துவிடும். ரயில் பயணச்சீட்டை இணையத்தில் பதிவு செய்யும்போது உடன்வரும் சிறு குழந்தையின் விவரத்தைச் சேர்க்க இடம் இருக்கும்போது, இ-பாஸில் அதைச் சேர்ப்பது கடினமாக இருக்காது. ஆம் என்று பதிவு செய்பவரின் கைப்பேசிக்கு, வழியில் பால் கொடுக்கும் அறை எங்கே, வெந்நீர் எங்கே, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, 104 மருத்துவ ஆலோசனை எண், 108 அவசர ஊர்தி எண் ஆகியவற்றை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஊருக்குத் திரும்பும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்ற வரியும், தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள் என்ற வரியும் அதில் இடம்பெற வேண்டும். வெளியூர் மருத்துவருக்குக் குழந்தையின் எடையும் தடுப்பூசி விவரமும் அந்த அட்டையில்தான் கிடைக்கும்.

ரயில்வே துறைக்கும் ஒரு சொல். 2022 மே மாதத்தில் வடக்கு ரயில்வே, லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு இணைத்து மடக்கக்கூடிய குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தியது. குறுகிய படுக்கையில், குழந்தை விழுந்துவிடுமோ என்று இரவு முழுவதும் ஒருக்களித்துக் கிடக்கும் தாய்க்கு அதன் அருமை தெரியும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரவில் செல்லும் நீலகிரி விரைவு ரயிலில், பெட்டிக்கு இரண்டு படுக்கைகளிலாவது இதைப் பொருத்தித் தெற்கு ரயில்வே முன்வர வேண்டும்.

நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர்களும் சுற்றுலாத் துறையும் அடுத்த பருவம் தொடங்குமுன் கல்லாறு, பர்லியாறு, உதகை அரசு தாவரவியல் பூங்கா, படகு இல்லம், கொடைக்கானல் ஏரி, பிரையண்ட் பூங்கா ஆகிய இடங்களை நேரில் ஆய்வு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறை இருக்கும் இடத்தில் அது தெரியும்படி பெரிய பலகை வைக்க வேண்டும். இல்லாத இடத்தில் பத்துக்குப் பத்து அடியில் ஓர் அறை போதும். சாய்ந்து அமர இரண்டு நாற்காலி, துணி மாற்ற ஒரு மேடை, கைகழுவும் தொட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, வெந்நீர் ஆகியவை அதில் இருந்தால் தாய்மார்களின் தேவை நிறைவேறிவிடும். அறையின் சாவியைப் பகல் முழுவதும் அங்கேயே இருக்கும் மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவருக்கு உரிய ஊதியத்தையும் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.