செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், வண்டிக்கு பாடி கட்டும் தோழர்களுக்கும், கடை உள்வேலை எடுத்துச் செய்யும் தோழர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வெல்டிங் பாதுகாப்பு வகுப்பு ஒரு நாள் நடந்தது. சமையல்கூடத் தரைக்கு வடிகால் பக்கம் சரிவு வைப்பது பற்றியும் ஒரு கூட்டம் போட்டோம்.

எடைப் பதிவேட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் வண்டியை எடை போடுங்கள், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று ஒவ்வொரு சக்கர அச்சின் மேலும் ஏறும் எடையைத் தனித்தனியாக எழுதுங்கள் என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டுக்கொண்டேன். எடைமேடைக்குப் போய் வரவே அரை நாள் ஆகிறது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். காரணமில்லாமல் நான் கேட்கவில்லை. என் பட்டறையில் ஓர் உணவு வண்டிக்கு 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் ஜெனரேட்டரையும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைத்துவிட்டேன். தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அங்கே ஏறும் பாரம் முன்பக்கத்தைத் தூக்கும். தொட்டியை நிரப்பி ஓட்டியபோது ஸ்டீயரிங்கில் பிடிமானமே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே கொண்டுவந்து, தண்ணீர் அலையாமல் உள்ளே தடுப்புத் தகடு வைத்து மறுபடி கட்டினேன். அந்த வேலையின் கூலி அதிலேயே போயிற்று.

குளிர்சாதன வண்டியிலும் இதே கதைதான். பெட்டியும் இயந்திரமும் எவ்வளவு எடையோ, ஏற்றக்கூடிய சரக்கு அவ்வளவு குறையும். இதை வாடிக்கையாளரிடம் வேலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். அப்புறம், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். இந்த ஆண்டும் மேலே மட்டும் காற்றுத்துளை விட்ட வண்டிகளைப் பார்த்தேன். மனம் பதறியது.

கூட்டங்களுக்கு வருவது அதே ஏழெட்டுப் பேர். வேலை மும்முரம் எனக்கும் புரிகிறது. ஆனால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் எங்கே துளை போடலாம் என்று இரவில் போன் செய்து கேட்பவர்களில் பலர், அதையே பேசிய கூட்டத்துக்கு வராதவர்கள். சந்தா பாதிப் பேருக்கு மேல் நிலுவை. சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவருக்கும், இடம் தந்து உதவிய உறுப்பினர்களுக்கும் நன்றி.

சக்கரத்தடியில் வைக்கும் எடைத் தட்டுகள் சங்கத்துக்கென்று இருந்தால், அவரவர் பட்டறையிலேயே எடை போடலாம். நிலுவை வந்தாலே வாங்கிவிடலாம். பதிவேட்டை நான் ஒருவனாக இன்னொரு ஆண்டு எழுத முடியுமா என்று தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் பதிவேடு என் மேசையில் இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே இருப்பார்.