மண்ணின் மேல் பழி போடாதே

பாகூர்,
ஆவணி 28

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்கிறார். உன்னை இரண்டு முறை விசாரித்தார்.

"யூரியா போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது, அதனால்தான் கோதுமையில் சத்தே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ மேசையைத் தட்டும் சத்தம் இங்கேயே கேட்டது! இதை நம்பி, காட்டுமன்னார்கோயில் நிலத்தில் இந்தச் சம்பாவுக்கு உரத்தையே நிறுத்தப்போகிறேன் என்கிறாயே, அதுதான் கவலையாக இருக்கிறது.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் பிராட்பாக் என்றொரு வயல். 1843 முதல் அங்கே கோதுமைதான். எதுவும் போடாத பாத்தி, தொழு உரப் பாத்தி, ரசாயன உரப் பாத்தி எல்லாம் தனித்தனி. பழைய மணியையும் மண்ணையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தால், 1845 முதல் 1960களின் நடுப்பகுதி வரை மணியில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மெக்னீசியம் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் இறக்கம். ஆனால் மண்ணில் இவை குறையவே இல்லை, சிலது கூடியும் இருக்கிறது. தொழு உரப் பாத்தியிலும் மணியில் அதே இறக்கம். அந்தச் சமயத்தில் வந்தது உயரம் குறைந்த, மகசூல் கூடிய குட்டைக் கோதுமை ரகம். அதனால் மணியில் மாவு ஏறியது, துத்தநாகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதே மோரில் இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் விட்டது போலத்தான். போதாததற்குத் தவிட்டையும் முளையையும் நீக்கி மைதாவாக்கினால் மீதியும் போச்சு. உன் புரோட்டாவுக்கு மண் என்ன செய்யும்?

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. வீராணம் பாசனக் களிமண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்கு எட்டாது. தண்ணீர் நின்றால் மண்ணே அதைக் கட்டிக்கொள்ளும், களர் ஏறினால் இன்னும் மோசம். அதற்கும் மேல் டிஏபி என்ற மணிச்சத்து உரத்தைக் கொட்டினால், வேருக்குத் துத்தநாகம் கொண்டுவரும் பூஞ்சை குறையும். மணியிலும் பைட்டேட் என்ற பொருள் கூடும். அது நம் குடலில் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே டிஏபியைக் குறை, எருவைக் கூட்டு. ரசாயன உரத்தைக் குறைக்க வேண்டும் என்ற மட்டில் நீ சொல்வது நூற்றுக்கு நூறு சரி. யூரியாவில் வரும் தழைச்சத்தை மட்டும் அடியோடு நிறுத்தாதே. அது குறைந்தால் மணிக்குப் போகும் துத்தநாகமும் குறையும்.

ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் என்ற துத்தநாக உரத்தை, இருபது கிலோ காய்ந்த மணலில் கலந்து, கடைசி சேற்று உழவான சேடையில் பரம்படித்துச் சமப்படுத்திய பிறகு மேலாகத் தூவு. மடக்கி உழுதுவிடாதே. டிஏபியோடும் சூப்பர் பாஸ்பேட்டோடும் கலக்காதே, இரண்டும் சேர்ந்து கரையாமல் போய்விடும். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுதிருந்தால் ஐந்து கிலோ போதும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வந்து பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால், பத்து லிட்டர் டேங்குக்கு ஐம்பது கிராம் ஜிங்க் சல்பேட்டும் நூறு கிராம் யூரியாவும் கலந்து தெளி.

ஆனால் அடியுரம் பெரும்பாலும் மகசூலைத்தான் காக்கும். மணிக்குள் துத்தநாகம் ஏற வேண்டுமானால், பூ முடிந்ததும் ஒரு முறை, பால் பிடிக்கும்போது ஒரு முறை, அதே அளவில் சாயங்காலம் தெளிக்க வேண்டும். கோதுமையில் இது நன்றாகவே பலிக்கிறது, நெல்லில் கொஞ்சம் குறைவு. இரும்புக்கு இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது.

இதெல்லாம் மண் பரிசோதனைக்குப் பிறகு. பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகம் 1.2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1.2 பங்கு) கீழே இருந்தால்தான் போடு. சேடைக்குத் தண்ணீர் விடுவதற்குள் பத்து இடத்தில் 'வி' மாதிரிக் குழி வெட்டி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை மண் சுரண்டி, கலந்து, அரைக் கிலோ எடு. வரப்போரமும் எருக்குப்பை இருந்த இடமும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் எடு. உன் வீட்டுத் தகர வாளியில் எடுத்தால் வாளியின் துத்தநாகப் பூச்சுதான் ரிப்போர்ட்டில் வரும்.

அன்புடன்,
முருகு